பித்தநாள நீர்க்கட்டி

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் பிறவிக் குறையால் பலூன்போல விரிந்திருப்பதே பித்தநாள நீர்க்கட்டி. மருத்துவர்கள் ‘கோலிடோக்கல் சிஸ்ட்’ என்பார்கள். மேலை நாடுகளில் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில்தான் காணப்படுகிறது. ஜப்பானில் இதைவிடப் பல மடங்கு அதிகம். பெண் குழந்தைகளையே மூன்று நான்கு மடங்கு கூடுதலாகப் பாதிக்கிறது. வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும் என்று பாடநூல்கள் சொன்னாலும், மூன்றும் ஒரே குழந்தையிடம் தெரிவது அரிது. கைக்குழந்தைக்குக் காமாலையோடு மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போகும். அது பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்பதன் அடையாளம். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் இங்கே ஆபத்தானது. ஏனென்றால் பித்தநாளமே அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியா என்ற நோயிலும் சில சமயம் இதே போன்ற நீர்க்கட்டி தெரியும். அதற்கான கசாய் அறுவைச் சிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் நல்ல பலனுக்கு வாய்ப்பு அதிகம். சற்றே வளர்ந்த பிள்ளைக்கு வலியும் வாந்தியும் விட்டுவிட்டு வரும். பூச்சித் தொல்லை என்று மருந்து கொடுத்து நாள் கடத்தாமல் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். குழாய்களின் அமைப்பைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.சி.பி. ஸ்கேன்.

கட்டியில் தேங்கிய பித்தநீருக்கு வழி செய்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. முன்பு அப்படித்தான் செய்தார்கள்: கட்டியை அங்கேயே விட்டு, குடலோடு இணைத்தார்கள். வேலை எளிது, இரத்தப்போக்கும் குறைவு. ஆனால் அப்படிச் செய்யப்பட்டவர்களுக்குப் பித்தநாளத் தொற்றும் கற்களும் திரும்பத் திரும்ப வந்தன. ஆண்டுகள் கழித்து, விட்டுவைத்த சுவரில் புற்றுநோயும் தோன்றியது. இதற்கான காரணத்தை 1969இல் பாபிட் என்ற மருத்துவர் முன்வைத்த விளக்கம் புரியவைக்கிறது. இக்குழந்தைகள் பலரிடம் பித்தநாளமும் கணைய நாளமும் குடல்சுவருக்கு வெளியே, சுருக்குத்தசையின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் சேர்கின்றன. அதனால் கணைய நீர் பித்தநாளத்துக்குள் ஏறி உட்படலத்தை அரிக்கிறது. எல்லாக் குழந்தைகளிடமும் இந்த இணைப்பு இல்லை என்பது உண்மைதான். அதனால் இது முழு விளக்கமாகாது. ஆனாலும் கெட்டுப்போன படலத்தை உள்ளே விட்டுவைப்பது தவறு என்ற முடிவை அது அசைக்கவில்லை. ஆகவே கட்டியைப் பித்தப்பையோடு சேர்த்து அகற்றி, கல்லீரலிலிருந்து வரும் நாளத்தைச் சிறுகுடலின் ஒரு கண்ணியோடு இணைப்பதே சரியான சிகிச்சை. பலமுறை தொற்று வந்து கட்டியின் பின்சுவர் போர்ட்டல் சிரையோடு ஒட்டிப்போயிருந்தால், வெளிச்சுவரை அப்படியே விட்டு உட்படலத்தை மட்டும் உரித்தெடுப்பார்கள். ஆபத்தான இடத்தைத் தொடாமலே ஆபத்தான திசுவை நீக்கும் அருமையான உத்தி அது.

கருவிலேயே ஸ்கேனில் தெரிந்து, நலமாகப் பிறந்த குழந்தைக்கும் இத்தனை பெரிய அறுவை வேண்டுமா? காமாலை இல்லாமல், கட்டியும் வளராமல் இருந்தால் சில மாதங்கள் பொறுக்கலாம். அந்த இடைவெளியில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாதபோதே கல்லீரலில் தழும்பு படியக்கூடும். காலவரையின்றித் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அறுவை முடிந்த பிறகும் இணைப்பு சுருங்கலாம், கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களில் கல் சேரலாம், கணையத்துக்குள் எஞ்சிய நுனியில் புற்று தோன்றலாம். எனவே பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் பரிசோதனை தொடர வேண்டும். குழந்தை மருத்துவமனையிலிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது, செய்த அறுவையின் முழுக் குறிப்பும் கூடவே போக வேண்டும்.