சிறுநீர்ப்பாதைத் தொற்று: மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள்

சென்ற முறை நீர்க்கடுப்பைக் குணப்படுத்திய அதே மாத்திரை இம்முறை பயனளிக்காமல் போகலாம். தொற்றை உண்டாக்கிய பாக்டீரியாக்கள் அம்மருந்தைத் தாங்கி வாழும் திறனைப் பெற்றிருப்பது இதற்கு முக்கியக் காரணமாகும். இதுவே மருந்து எதிர்ப்புத்திறன் எனப்படுகிறது. எதிர்ப்புத்திறன் பெறுவது கிருமியே. உங்கள் உடல் அன்று.

எதிர்ப்புத்திறன் எங்கே உருவாகிறது?

சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றை ஈ.கோலை என்னும் பாக்டீரியா உண்டாக்குகிறது. இது குடலில் இயல்பாக வாழ்வது. சிறுநீர்த் துவாரத்தின் வழியே சிறுநீர்ப்பையை அடையும்போது தொற்று ஏற்படுகிறது.

சாதாரணச் சளிக்கு வைரஸே காரணம். அதற்கு ஆண்டிபயாடிக் பயன்படாது. ஆயினும் அதற்காக நீங்கள் உட்கொள்ளும் ஆண்டிபயாடிக், குடலில் உள்ள பாக்டீரியாக்களையும் தாக்கக்கூடும். மருந்துக்குக் கட்டுப்படுபவை அழிய, தாங்குபவை எஞ்சிப் பெருகுகின்றன. எதிர்ப்புத்திறனுக்கான மரபணுக்களைப் பிற பாக்டீரியாக்களுக்கும் வழங்குகின்றன. பின்னொரு நாளில் அவை சிறுநீர்ப்பையை அடைந்தால், வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படுவதில்லை.

சில பாக்டீரியாக்கள் ஈ.எஸ்.பி.எல். எனப்படும் நொதிகளைச் சுரந்து, செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளைச் சிதைத்துவிடுகின்றன. இத்தகைய தொற்று சிறுநீரகத்திற்குப் பரவினால், மருத்துவமனையில் தங்கி ஊசி மருந்து பெற நேரிடலாம்.

சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை

தொற்று அடிக்கடி திரும்பினாலோ, மருந்துக்குக் குறையாவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, நீங்கள் கர்ப்பிணியாக இருந்தாலோ இப்பரிசோதனை அவசியம்.

• ஆண்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியைக் கொடுப்பது நல்லது.
• முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதை ஆய்வகம் தரும் தூய குப்பியில் பிடிக்கவும்.
• 2 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் ஒப்படைக்கவும்.

முடிவு கிடைக்கப் பொதுவாக 2 முதல் 3 நாட்கள் ஆகும். தேவையெனில் மருத்துவர் அதற்கு முன்பே மருந்தைத் தொடங்கி, முடிவு வந்தபின் மாற்றியமைப்பார்.

அறிக்கையில் மருந்தின் எதிரே 'எஸ்' என்றிருந்தால் கிருமி அதற்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றிருந்தால் கட்டுப்படாது. 'எஸ்' உள்ள மருந்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம். சான்றாக, நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்கு உதவும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராததால் சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது.

கிருமி இருந்தாலே மருந்து தேவையா?

இல்லை. முதியோர், நீரிழிவு நோயாளிகள், சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோரின் சிறுநீரில் அறிகுறிகள் ஏதுமின்றியும் பாக்டீரியா காணப்படலாம். அதற்குப் பொதுவாக ஆண்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும் சில சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைகளுக்கு உட்படுவோரும் இதற்கு விதிவிலக்கு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பழைய மருந்துச் சீட்டையோ பிறருடைய மாத்திரைகளையோ பயன்படுத்தாதீர்கள்.
• மருத்துவர் கூறிய அளவிலும் நாட்களிலும் மருந்தை உட்கொள்ளுங்கள், எஞ்சியதைச் சேமிக்காதீர்கள்.
• கடந்த சில மாதங்களில் உட்கொண்ட ஆண்டிபயாடிக்குகளின் பெயரையும் பழைய கல்ச்சர் அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• மருந்துக் கடையில் சீட்டின்றி ஆண்டிபயாடிக் கேட்காதீர்கள். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட பல மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையின் கீழ் உள்ளன. அவற்றின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் பதிவது கட்டாயம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்திலோ முதுகின் கீழ்ப்பகுதியிலோ கடும் வலி, தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், முதியோருக்குத் திடீர் மனக்குழப்பம் ஆகியவை தொற்று சிறுநீரகத்திற்கோ இரத்தத்திற்கோ பரவியதைக் குறிக்கலாம். இந்நிலையில் கல்ச்சர் முடிவுக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.