இருவருக்கு ஒரு வண்டி வீடு

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறும் நோக்கத்துடன், மேற்பார்வையாளர், கொல்லர், பசு, செம்மறியாடுகள், வேட்டை நாய்கள், பண்ணைக் கருவிகள் என்று ஏறத்தாழ ஒரு சிறு கிராமத்தையே இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய உடைமைகளுள் மூடிய குதிரை வண்டி ஒன்றும் இருந்தது. அதை மலைக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு பெர்க்ஸ் என்ற குதிரைக்காரனுக்கு. இறம்பொடைக் கணவாயில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. வண்டியை மேலே இழுத்துவர ஒரு யானை கிடைத்தது. பெர்க்ஸோ, குதிரையை விரட்டும் பழக்கத்தில் யானையையும் ஏற்றத்தில் விரட்டினான். யானை இறந்துபோயிற்று.

இதனை மறைக்காது தம்முடைய நூலில் பேக்கரே நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். 1855இல் வெளிவந்த அந்நூலை வாசித்த எவரும் பெர்க்ஸை மறந்திருக்கமாட்டார்கள். எனக்கு அதில் நகைப்பைவிட வேறொன்று முக்கியமாகப்பட்டது. வண்டியில் பழுதில்லை, யானைக்கும் வலிமைக் குறைவில்லை. வண்டி, பாதை, இழுப்பது, ஓட்டுவது என்ற நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே கேட்டுக்குக் காரணம். நாற்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் வீதி விபத்துச் செய்திகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் காரணம் இதுவேதான்.

நான் வசிக்கும் அம்பிட்டிய, கண்டி வாவிக்கு மேலே, தலாத்து ஓயாவை நோக்கிச் செல்லும் பாதையில் இருக்கிறது. வெளியூரார்க்கு இவ்வூரைத் தெரிந்திருப்பது பெரும்பாலும் 1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய பாப்பரசர் குருமடத்தினால்தான். தமிழகத்திலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்ற அக்குருமடம் 1955இல் புனேக்குப் பெயர்ந்தது. குருமடம் போனாலும் பாதையின் ஏற்றமும் வளைவும் போகவில்லை. பார ஊர்தி ஒன்று எதிரே வந்தால் முச்சக்கர வண்டிக்காரரும் ஒதுங்கி நிற்கவேண்டிய இடங்கள் இங்கு உண்டு. இப்பாதையோரம் குடியிருப்பவனுக்குச் சக்கரம் பூட்டிய எதைக் கண்டாலும் முதலில் தோன்றும் கேள்வி, இது ஏறுமா, ஏறினால் ஒழுங்காக இறங்குமா என்பதே.

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதி, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் அமைக்கப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசன் 1829இல் காலமானார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. 1832இல் அவ்வீதியில் குதிரை பூட்டிய தபால் வண்டிச் சேவை தொடங்கிற்று. ஆயினும் மலைநாட்டின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சுமந்தவை குதிரைகளல்ல; மாட்டு வண்டில்கள். 1867இல் புகையிரதம் கண்டிக்கு வரும்வரை, கிடுகுக் கூரை வேய்ந்த அந்த வண்டில்கள் பல நாட்கள் வழியிலேயே கிடந்தன. வழியோரத்தில் சமையல், வண்டிலின் கீழே உறக்கம். அவ்வகையில் இலங்கையின் முதலாவது நடமாடும் வீடு அதுவே என்று நான் சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்தார் மட்டும் சும்மா இருந்தார்களா? கூடார வண்டில் கட்டிக்கொண்டு செல்வச்சந்நிதிக்கும் வல்லிபுரத்துக்கும் திருவிழாவுக்குப் போன குடும்பங்களுக்கும் வண்டிலே விடுதி.

வண்டில்காரரின் மொழியில் இரண்டு சொற்கள் உண்டு: முன்பாரம், பின்பாரம். இரு சக்கர வண்டிலில் மூட்டைகளை முன்னே அதிகம் ஏற்றினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே அதிகம் ஏற்றினால் ஏர்க்கால் மேலெழும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நல்ல வண்டில்காரன் சாமான் ஏற்றியபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திய பிறகே மாட்டைப் பூட்டுவான். அவன் பௌதிகம் படித்தவனல்லன். இந்த இரண்டு சொற்களும் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பேக்கரிடம் மீண்டும் வருவோம். இலங்கையை விட்டுச் சென்றபின் முதல் மனைவியை இழந்த அவர், புளோரன்ஸ் என்ற திரான்சில்வேனியப் பெண்ணைத் துணையாகக் கொண்டு ஆபிரிக்காவுக்குச் சென்றார். 1864இல் ஆல்பர்ட் ஏரியை இருவரும் கண்டனர். பிரித்தானியா சைப்பிரசைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டதற்கு மறுவருடம், 1879இல், இத்தம்பதியர் அத்தீவுக்குப் போனபோது, வயதுக்கேற்ற சௌகரியம் கருதிப் போலும், ஜிப்சிகள் வாழும் வகையிலான வண்டி வீடு ஒன்றைக் கூட்டிச் சென்றனர். துணையாக நீல வண்டி என்று அவர் குறிப்பிடும் இன்னொன்றும் சென்றது. வீட்டையே உடன் கொண்டுபோவதால் எங்கும் தங்கலாம் என்பது கணக்கு. ஆனால் லார்னக்காவிலிருந்து நிக்கோசியாவுக்குச் செல்லும் வழியைத் தவிர அத்தீவில் வண்டிப்பாதை என்று சொல்லத்தக்கது அரிது. வண்டிகள் பட்ட பாட்டிற்கென்றே தம் நூலில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பிட வேண்டி வந்தது அவருக்கு. முடிவில் வண்டிகளைக் கைவிட்டு, ஒட்டகத்தையும் கோவேறு கழுதையையும் நம்பிப் பயணத்தைத் தொடர்ந்தார். கோடையில் துரோதித்திசா என்னும் மலை மடாலயத்தின் அருகே மூன்று மாதம் கூடாரத்தில் தங்கினார்கள்.

இறம்பொடையில் கற்றதை மனிதர் முப்பது ஆண்டுகளில் மறந்துவிட்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1885இல், கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை வைத்தியர், பிறிஸ்டல் நகரின் வண்டிப் பட்டறையில் "வாண்டரர்" என்ற உல்லாச வண்டி வீட்டைக் கட்டுவித்தார். பதினெட்டு அடி நீளம். சாமான் ஏற்றியபின் இரண்டு தொன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். குதிரைகளைக் கவனிக்க ஓர் ஆளும், முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று குறுகிய பாதைகளில் வழி பார்க்க இன்னோர் ஆளும் உடன் சென்றனர். வழி பார்க்க ஓர் ஆளை நியமித்தாரே, அங்கேதான் பேக்கரைவிட வைத்தியர் கெட்டிக்காரர். ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை போய்ச் சேர்ந்தார். பொழுதுபோக்குக் கரவன்களின் வரலாற்றை ஆங்கிலேயர் இவ்வண்டியிலிருந்தே தொடங்குவர். 1907இல் அவர்களுக்கு ஒரு கழகமும் உருவாயிற்று. 1919இல் மோட்டார் காரால் இழுக்கும் கரவன்கள் பர்மிங்ஹாமில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் வாலி பையம் என்பவருடைய மனைவி, கூடாரத்தில் படுக்க மாட்டேன், சமையலறை வேண்டும் என்று சொன்னதால் அவர் ஒரு பழைய கார்ச் சட்டத்தின் மேல் சிறு வீடு கட்டினார் என்பர். 1936இல் அவர் விற்கத் தொடங்கிய அலுமினிய "எயார்ஸ்ட்ரீம்" வண்டிகளுள் 41, 1959இல் கேப்டவுனிலிருந்து புறப்பட்டு 1960இல் கெய்ரோவை அடைந்தன. இத்தொழிலின் தொடக்கத்தில் மனைவியின் மறுப்பு ஒன்று இருப்பதை வாசகர் மனத்திற் கொள்க.

இத்தனையும் எனக்கு நினைவுக்கு வந்தமைக்குக் காரணம், சென்ற ஜனவரியில் ரொறன்ரோவிலிருந்து வந்து இங்கு இரண்டு வாரம் தங்கியிருந்த தம்பி முறையான ஒருவரும் அவர் மனைவியும். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். சேமிப்பில் ஒரு பங்கைக் கொண்டு கரவன் வாங்கி, ராக்கி மலை வரை சென்றுவர எண்ணம். இரண்டு வண்டிகளைத் தேர்ந்து, விபரத் தாள்களை மேசையில் பரப்பிவிட்டு, "அண்ணா, நீங்களே சொல்லுங்கோ" என்றார். இரண்டும் இருபதடியை ஒட்டியவை, இருவர் படுக்கத்தக்கவை, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. முதலாவதன் வெற்று எடை 1,450 கிலோ; ஏற்றத்தக்க உச்ச அளவோடு 1,800. இரண்டாவது 1,650, உச்சம் 2,200. அவருடைய வாகனம் இழுக்கக்கூடியது 2,270 கிலோ. முதலாவதில் குளியலறை விசாலம். ஆனால் படுக்கையின் மூன்று பக்கமும் சுவர். இரண்டாவதில் குளியலறை நெருக்கம். படுக்கையின் இரு மருங்கிலும் நடக்க இடமுண்டு.

தம்பிக்கு முதலாவதே பிடித்திருந்தது. பாரம் குறைவு என்பது அவர் வாதம், நியாயமான வாதம். தங்கை நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "83இல் வீட்டை விட்டிட்டு ஓடினனாங்கள். இப்ப வீட்டை இழுத்துக்கொண்டு திரியச் சொல்லுறார். திரியிறன். ஆனா முழங்கால் வருத்தத்தோட இரவில அவரைத் தாண்டி இறங்க என்னால ஏலாது" என்றார்.

மேசையைச் சுற்றிச் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கண்டியில் அவர்களுடைய வீடு இருந்த ஒழுங்கையை நான் அறிவேன்.

எண்களைத் திரும்பப் பார்த்தோம். விபரத் தாளின் உச்ச எடையை வாகனத்தின் திறனோடு ஒப்பிட்டால் இரண்டாவது வண்டி எல்லையைத் தொட்டுவிடும். மலையேற்றத்தில் அது நல்லதல்ல. காற்றழுத்தி இல்லாத எஞ்சின் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறும்போது வலுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை இழக்கும். கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும்போது நம் வான்கள் மூச்சு வாங்குவதில் அதற்கும் பங்குண்டு. ராக்கி மலையில் கிக்கிங் ஹோர்ஸ் கணவாயின் உயரம் 1,627 மீற்றர். ஆனால் அவர்கள் இருவர்தாம். உச்ச அளவுக்கு ஏற்ற வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. தாங்கியை நிரப்பாமல் சென்று, தங்குமிடத்தில் நிரப்பிக்கொண்டாலே நூறு கிலோவுக்கு மேல் மிச்சம். உணவு, உடுப்பு, வாயு உருளை, நாற்காலிகள் எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று கொண்டால் இரண்டாவது வண்டி 1,900 கிலோவில் நிற்கும். வாகனத்தின் திறனில் ஆறிலொரு பங்கு மீதமாகும். ஏற்றும் பாரத்தைக் குறைக்க அவர்களால் முடியும். படுக்கையைச் சுவரிலிருந்து நகர்த்த ஒருவராலும் முடியாது. ஆகவே இரண்டாவது என்றேன்.

அடுத்ததாகத்தான் முன்பாரம், பின்பாரம். வட அமெரிக்காவில், கரவனின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, இழுக்கும் வாகனத்தின் கொளுக்கியில் இறங்கவேண்டும் என்பர். அதற்குக் குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்பு போல் ஆடும்; கூடினால் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். 1,900 கிலோவுக்கு இது 190 முதல் 285 கிலோ. இப்பாரம் வாகனம் சுமக்கத்தக்க எடைக்குள்ளேயே கணக்கிடப்படும். தம்பதியரின் எடையும் காரின் பின்பெட்டிச் சாமானும் அதே கணக்கில்தான். வாங்குவோர் பலர் இழுக்கும் திறனை மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள். ஆதலால் சாமான்களை அச்சுக்குச் சற்று முன்பாகத் தாழ்வாக அடுக்கி, பொதுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். தம்பி சிரித்தார். அவருடைய தகப்பனார் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பதை அவர் சிறு வயதில் கண்டிருக்கிறாராம்.

குளியலறை நெருக்கத்தைப் பற்றித் தங்கை, முகாம் தளங்களில் பொதுக் குளியலறை உண்டுதானே என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மார்ச் மாதம் மின்னஞ்சல் வந்தது. விற்பனை நிலையத்தில் இருவரும் இரண்டு வண்டிகளிலும் கால் மணி நேரம் படுத்துப் பார்த்தார்களாம்; தங்கை இருமுறை எழுந்து இறங்கியும் பார்த்தாராம். இரண்டாவது வண்டிக்கு முற்பணம் கட்டியாயிற்று. முதற்பயணம் ராக்கி மலைக்கல்ல. வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்திலுள்ள அல்கொன்குயின் காட்டுக்கு, இரண்டு இரவுகள்.