கட்டியங்காரன் குழறினால்...

ஒரு ராஜா இருந்தார். மகா புத்திசாலி, நீதி தவறாதவர். ஆனால் அவர் சபைக்கு முகம் காட்டுவதில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்வார். அதைக் கேட்டுச் சபைக்கு உரக்க எடுத்துச் சொல்ல ஒரு கட்டியங்காரன் உண்டு. ஒரு நாள் அந்தக் கட்டியங்காரனுக்கு முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. சில எழுத்துக்கள் அவன் வாயிலிருந்து வெளியே வர மறுத்தன. குற்றவாளி ஒருவனைப் பற்றி, "இவனைக் கொல்லாதே!" என்று ராஜா தீர்ப்பளித்தார். கட்டியங்காரன் அதைத் திருப்பிச் சொன்னபோது கடைசி எழுத்துக்கள் காற்றோடு போய்விட்டன. "கொல்!" என்பது மட்டும் சபையின் காதில் விழுந்தது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் ஒரு மனிதனின் தலை போய்விட்டது!

ராஜா என்னுடைய கற்பனை. கட்டியங்காரன் அப்படி அல்ல. அமெரிக்கப் பள்ளிக்கூட மாணவர்களின் மேஜைகளில் அவன் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தான். 'கிராபிங் கால்குலேட்டர்' என்ற கணக்கு யந்திரத்தின் சிறிய கண்ணாடித் திரையைத்தான் சொல்கிறேன்.

சாதாரணக் கால்குலேட்டர் ஒரு வரியில் விடை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கிராபிங் கால்குலேட்டரோ ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைப் படமாகவே போட்டுக் காட்டும். இந்த ஜாதியில் முதலாவது, ஜப்பானின் காஸியோ கம்பெனி 1985இல் வெளியிட்ட எப்.எக்ஸ். 7000ஜி. குறுக்கே 96, நெடுக்கே 64 என்று மொத்தம் 6,144 புள்ளிகள் கொண்டது அதன் திரை. நாம் எழுதித் தரும் கட்டளைகளை வைத்துக்கொள்ள அதற்கு 422 பைட் இடந்தான். இந்தப் பாராவைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆனாலும் காகிதத்தில் அரை மணி நேரம் புள்ளி வைத்து வரைய வேண்டிய கோட்டை அது கண் முன்னே வரைந்து காட்டியபோது, கணித உபாத்தியாயர்கள் மயங்கிப்போனதில் வியப்பில்லை.

1990இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியின் டி.ஐ. 81 வந்தது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர்கள் பிராங்க் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் இருவரும் இத்தகைய யந்திரங்களைப் பள்ளிகளில் பரப்பப் பெரிதும் பாடுபட்டார்கள். 1995இல், கல்லூரிக்கு ஈடான பாடங்களுக்கென்று அங்கே நடக்கும் தேர்வில், கால்குலஸ் எழுத வரும் மாணவன் இந்த யந்திரத்தோடுதான் வரவேண்டும் என்ற நிலையும் ஏற்பட்டது. பதினேழு வயதுப் பையனின் எதிர்காலம் அந்தக் கட்டியங்காரனின் வாயில் வந்து நின்றது.

அவன் வாய் எதனால் ஆனது தெரியுமா? அதற்கு 1888ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். பிராக் நகரத்தில் பிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவர சாஸ்திரி கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலான திரவமாயிற்று. உருகியது உருகியதுதானே என்று அடுப்பை அணைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மேலும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகு நிலைகள்! நடுவில் இருந்த கலங்கல் நிலை, தண்ணீர்போல் ஓடவும் செய்தது. ஸ்படிகம்போல் ஒழுங்காகவும் இருந்தது. ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ லேமன் அதை மேலும் ஆராய்ந்தார். 'திரவ ஸ்படிகம்' என்ற பெயர் பிறந்தது.

பெயர் பிறந்தும் சுமார் எண்பது ஆண்டுகள் அந்தப் பொருளுக்கு வேலை கிடைக்கவில்லை. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு அதைக் கொண்டு எண்களைக் காட்டியது. 1970இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஷாட், ஹெல்ப்ரிக் என்ற இருவர் அதைவிடச் சிறந்த வழி கண்டார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவ ஸ்படிகத்தைச் சுழல் படிக்கட்டுப்போல் முறுக்கி நிறுத்துவது. வெளியே இருபுறமும், ஒளியை ஒரே திசையில் மட்டும் அசையவிடும் மெல்லிய தகட்டை ஒட்டுவது. மின்சாரம் இல்லாதபோது ஒளி படிக்கட்டில் திரும்பித் திரும்பி வெளியேறிவிடும். மின்சாரம் பட்டாலோ முறுக்கு அவிழும். ஒளி திரும்ப வழியின்றி அடைபடும். அந்த இடம் நமக்குக் கறுப்பாகத் தெரியும். சாதாரண வெப்பத்தில் கெடாமல் நிற்கும் பொருளை 1972, 73இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே தயாரித்துக் கொடுத்தார். கட்டியங்காரனுக்கு நாக்கு கிடைத்துவிட்டது.

இனி அவன் நோய்களைப் பார்ப்போம்.

6,144 புள்ளிகளுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுக்க முடியாது. ஆகவே தெருப் பெயரும் கதவு எண்ணும் சொல்லி வீடு கண்டுபிடிப்பதுபோல ஓர் ஏற்பாடு செய்தார்கள். 64 குறுக்கு வரிசை, 96 நெடுக்கு வரிசை. ஆக 160 கம்பிகள். இரண்டு வரிசைகள் சந்திக்கும் முனையில் ஒரு புள்ளி. சிக்கனமான யுக்திதான். ஆனால் சிக்கனத்துக்கு வட்டி கட்ட வேண்டும் அல்லவா? வரிசைகள் பெருகப் பெருக, கறுக்க வேண்டிய புள்ளிக்கும் வெளுக்க வேண்டிய புள்ளிக்கும் கொடுக்கக்கூடிய மின் அழுத்தத்தின் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். இதற்கு ஓர் எல்லை உண்டென்று ஆல்ட், பிளெஷ்கோ என்ற இருவர் 1974இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் கணக்குப்படி 64 வரிசைத் திரையில், வெளுத்த புள்ளிக்கு 100 பங்கு என்றால் கறுத்த புள்ளிக்கு 113 பங்குதான் கொடுக்கலாம். நூற்றுக்குப் பதின்மூன்று! கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது. வெயிலில் வைத்தால் திரை முழுதும் கறுத்துவிடும், குளிரில் வெளிறிவிடும், பாட்டரி இளைத்தால் எழுத்துக்கள் மங்கும். செத்துப்போனதென்று மூலையில் எறியப்பட்ட யந்திரங்கள் பலவற்றுக்கு உண்மையில் வந்த நோய், கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் அளவு தாழ்ந்திருந்ததுதான். இரண்டு பொத்தான்களை அழுத்தியதும் கண் விழித்துக்கொண்டன.

அடுத்த நோய் இவ்வளவு எளிதல்ல. கண்ணாடியில் ஈயம் வைத்துப் பற்ற வைக்க முடியாது. ஆகவே திரைக்கும் உள்ளிருக்கும் மின் பலகைக்கும் இடையே, கறுப்புக் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் நாடாவைச் சூடுகாட்டி ஒட்டினார்கள். இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தப் பசை பிடி தளர்ந்தது. ஒரு கோடு விட்டுப்போனால் திரையில் ஒரு வரிசை முழுதும் மறைந்துவிடும். பழைய யந்திரங்களைச் சேகரிப்பவர்கள் பின்பக்கத்தைத் திறந்து, பற்றவைக்கும் இரும்பை மிதமாகச் சுடவைத்து, அந்த நாடாவை நீவிக் கொடுத்து உயிர்ப்பிப்பார்கள். கொஞ்சம் சூடு மிஞ்சினால் நாடாவே போய்விடும்.

ஒளியை அடக்கும் தகட்டுக்கும் மூப்பு உண்டு. அதன் மேலுறை, பழைய சினிமாப் பிலிமைப்போலவே செல்லுலோஸ் அஸிடேட்டால் ஆனது. சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் புளித்த காடி நாற்றம் அடித்துக் குமிழி விடும். சினிமாச் சுருள்களைக் காப்பவர்கள் எந்த நோயைக் கண்டு அஞ்சுகிறார்களோ, அதே நோய்தான்.

ஒரே ஒரு குறுக்கு வரிசை மறைந்தால் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். கழித்தல் குறியை நினைத்துப் பாருங்கள். அது ஒரே குறுக்கு வரிசையில் உள்ள சில புள்ளிகளால் ஆனது. செத்த வரிசையின் மேல் அது வந்து விழுந்தால், -5 என்ற விடை 5 என்று தெரியும். உள்ளே ராஜா சரியாகத்தான் சொன்னார். கடன் வரவாகிவிட்டது, பள்ளம் மேடாகிவிட்டது. 'கொல்லாதே' என்பது 'கொல்' ஆனது இப்படித்தான்.

ஆனாலும் இந்தக் கட்டியங்காரனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. பல் விழுந்தது எல்லோருக்கும் தெரிகிறது. திரையில் வெள்ளைக் கோடு ஓடினால் பையனும் ஜாக்கிரதையாகிவிடுவான். பயப்பட வேண்டியது, பல் எல்லாம் முத்துப்போல் வைத்துக்கொண்டு தவறாகச் சொல்பவனிடத்தில்தான்.

1996இல் வந்த டி.ஐ. 83ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் பழுதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். படம் வரைய அது 95 நெடுக்கு வரிசைகளைப் பயன்படுத்துகிறது. அதாவது, இடமிருந்து வலம் போக 94 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை நின்று, அங்கே வளைகோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி வைக்கும். பூஜ்யத்திலிருந்து ஒரு முழுச் சுற்று வரைக்கும், ஸைன் 95 எக்ஸ் என்ற கோட்டை வரையச் சொன்னால், அது 95 அலைகளை அடித்துக்கொண்டு போகவேண்டும். திரையில் தெரிவதோ ஒரே ஓர் அலை! அழகான, வழுவழுப்பான, சந்தேகத்துக்கே இடம் தராத அலை. 94 எக்ஸ் என்று கேட்டாலோ வெறும் நேர்கோடு. பௌர்ணமிதோறும் மட்டும் ஓர் ஊருக்குப் போய் வருகிறவன், அந்த ஊரில் சந்திரன் தேய்வதே இல்லை என்று சத்தியம் செய்வான் அல்லவா? அந்தக் கதைதான் இது. அவன் பார்த்தது ஒவ்வொன்றும் உண்மை. முடிவுதான் பொய்.

இதை யாரும் மறைத்துவைக்கவில்லை. இந்த யந்திரங்களுக்காகப் பாடுபட்ட அதே டெமானாவும் வெயிட்ஸும், ஒரே படத்தை நம்பினால் வரும் ஆபத்துக்களைப் பற்றி 1988இலேயே கட்டுரை எழுதினார்கள். தாங்கள் கொண்டாடும் சாமானின் குறையைத் தாங்களே முதலில் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் காலம் மாறிற்று. 2010க்குப் பிறகு வண்ணத் திரைகள் பரவின. புள்ளிகள் பல மடங்கு பெருகின. பழைய யந்திரங்களின் மூளையை அப்படியே நகல் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மூளைக்கு மரணமில்லை; நாடாவும் பசையும் தகடும்தான் மூத்துச் சாகின்றன. ஆனால் புள்ளிகள் எவ்வளவு பெருகினாலும், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பார்க்காத இடம் ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். படம் அழகாக ஆக ஆக, அந்த இடத்தைப் பற்றிய நினைவு மட்டும் நமக்குக் குறைந்துகொண்டே போகும்.

கோடு விழுந்த பழைய யந்திரத்தை வைத்துக்கொண்டு படித்த மாணவன், விடையைக் கண்டதும் ஒரு கணம் தயங்கியிருப்பான். 'இது கழித்தலோ, கூட்டலோ?' என்று காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்திருப்பான். அந்த ஒரு கணத் தயக்கம் இருந்திருந்தால், ராஜசபையில் அந்த மனிதனின் தலை தப்பியிருக்கும். "இன்னொரு தடவை கேட்டுச் சொல்லப்பா!" என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவர்கூட இல்லை.