லெஸ் டார்சி: ஒரு குத்துச்சண்டை வீரரும் ஒரு போரும்

1917 மே 24 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் லெஸ் டார்சி இறந்தபோது அவருக்கு வயது 21. ஓராண்டுக்கு முன் ஆஸ்திரேலியாவின் செல்லப்பிள்ளை. இறக்கும்போது அந்நாட்டில் பலருக்கு அவர் ஒரு கோழை. உடல் தாயகம் திரும்பியதும் மீண்டும் செல்லப்பிள்ளை.

நியூ சவுத் வேல்ஸின் மெய்ட்லண்ட் அருகே, ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1895 அக்டோபரில் பிறந்தவர் டார்சி. கொல்லன் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே மேடையேறினார். மிடில்வெயிட் பிரிவில் அமெரிக்காவிலிருந்து வந்த தேர்ந்த வீரர்களை சிட்னி ஸ்டேடியத்தில் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினார். 1916 செப்டம்பரில், முன்னாள் உலகச் சாம்பியன் ஜார்ஜ் சிப் ஒன்பதாவது சுற்றில் சாய்ந்தார். 50 போட்டிகளில் டார்சி தோற்றவை நான்கே. ஈட்டிய பணம் பெரிய குடும்பத்தின் வறுமையைப் போக்கச் சென்றது.

முதல் உலகப்போர் குறுக்கிட்டது. 21 வயது நிரம்பாதவர் படையில் சேரப் பெற்றோர் சம்மதம் வேண்டும்; தாய் மறுத்துவிட்டார். 1916 அக்டோபர் 28 அன்று கட்டாய ராணுவச் சேவை குறித்துப் பொதுவாக்கெடுப்பு. அவருக்கு 21 நிறைவதும் அந்த நாட்களில்தான். படைவயதினர் கடவுச்சீட்டின்றி வெளியேறத் தடை இருந்தது. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், நியூகாஸில் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலொன்றில் ரகசியமாகப் புறப்பட்டார். அமெரிக்காவில் சில போட்டிகள் ஆடிக் குடும்பத்தை நிலைநிறுத்திவிட்டுப் படையில் சேர்வதே தன் எண்ணம் என்றார். நம்பியவர் குறைவு.

வாக்கெடுப்பு சிறு வித்தியாசத்தில் தோற்றது. கட்டாயச் சேவை வேண்டாம் என்று பெரும்பான்மையாக வாக்களித்த அதே தேசத்தில்தான், போருக்குப் போகாத ஓர் இளைஞர் துரோகியானார். பழி கடல் தாண்டியும் துரத்தியது. நியூயார்க் ஆளுநர் விட்மன் அவர் சண்டையிடத் தடை விதித்தார். அமெரிக்க மண்ணில் ஒரு தொழில்முறைப் போட்டிகூட அவருக்கு அமையவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபின், அந்நாட்டுப் படையில் சேர்ந்தார். அம்மாத இறுதியில் நோயில் விழுந்தார். ரத்தத்தில் நச்சேற்றம், இதய உள்ளுறை அழற்சி, இறுதியில் நிமோனியா. முந்தைய ஆண்டு மேடையில் உடைந்து, பின் பொருத்தப்பட்ட பற்களிலிருந்து தொற்று பரவியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

உடல் திரும்பியபோது சிட்னியில் பெருங்கூட்டம் திரண்டது. கிழக்கு மெய்ட்லண்டில் அடக்கம் நடந்தது. அமெரிக்கர்கள் நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்ற வதந்தியும் கிளம்பிப் பல்லாண்டுகள் நிலைத்தது. அதற்கு ஆதாரமில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு காலம் உயிரோடிருந்தது என்பதை ஊகிக்கலாம். கொலைகாரன் வெளிநாட்டில் இருந்தால், கோழை என்று தூற்றிய உள்ளூர்க்காரர் எவரும் தம் சொற்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. டார்சியை நினைவுகூர்பவர்கள் அவரது வெற்றிகளோடு அந்தச் சொற்களையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.