பச்சையப்பர் எழுதிய உயில்

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையிலே சிப்காட் தொழிற்பேட்டை. அங்கு இரவும் பகலும் உழைக்கும் தோழர் ஒருவரிடம், "உயில் எழுதினீரா?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் என்ன ஜமீன்தாரா?" என்று சிரிப்பார். மூத்தவரோ, "சாவை அழைக்கும் பேச்சு எதற்கு?" என்று முகம் சுளிப்பார். பேச்சைக் கேட்டு வருவதா சாவு!

அதே சாலை சென்று சேரும் சிதம்பரத்திலே, பச்சையப்பன் பெயரால் ஒரு பள்ளி இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னே ஓர் உயில் இருக்கிறது. வறுமையில் பிறந்து, துபாஷாகிப் பெரும்பொருள் ஈட்டியவர் பச்சையப்ப முதலியார். 1794 மார்ச் 22-இல் உயில் எழுதினார். அதே மாதம் 31-இல் மறைந்தார். வயது நாற்பது! பொருளைக் கோயில்களுக்கும் அறங்களுக்கும் என்று எழுதி வைத்தார். நடந்ததென்ன? சொத்து வழக்கிலே சிக்கியது, ஆண்டுகள் உருண்டன. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால், கோயில் செலவு போக மிஞ்சிய பணம் கல்விக்கெனத் திரும்பியது. 1842-இல் சென்னையிலே பள்ளி திறந்தது. அதுவே வளர்ந்து கல்லூரியாயிற்று. அறிஞர் அண்ணா பயின்றது அங்கேதான். கோயிலுக்கென எழுதிய பொருள் கல்விக்கூடமானதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இடையிலே கழிந்தவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அத்தனை காலம் காத்திருக்கத் தொழிலாளியின் குடும்பத்தால் ஆகுமா?

உயில் இருந்தே இந்தப் பாடு. இல்லாவிட்டால்?

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், ஆண் உயிலின்றி இறந்தால் மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு தருகிறது; மகளுக்கும் உண்டு. நன்று. ஆனால் பெண் இறந்தால்? கணவனும் பிள்ளையும் இல்லாதவள் தன் உழைப்பால் சேர்த்தது, முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் அவர்களுக்குப் பின்னே நிற்க வேண்டும்! 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் அப்படி ஒரு வழக்கு வந்தது. மணமான மூன்றே மாதங்களில் கணவனை இழந்தாள் ஒருத்தி. புகுந்த வீடு துரத்தியது. பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குச் சென்றாள், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் சேர்த்தாள். உயில் எழுதாமல் இறந்தாள். பணம் யாருக்கு? கணவனின் சகோதரி மக்களுக்கு! பரிவுக்கு இடமில்லை, சட்டம் அதுதான் என்றது நீதிமன்றம்.

சட்டம் திருந்தட்டும், அதற்காகக் குரல் கொடுப்போம். அதுவரை? ஒரு வெள்ளைத்தாள் போதும்; முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதுபவர் கையொப்பமிட, அதைக் கண்ட இருவர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமன்று, செய்தால் நல்லது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.