மலை யாருடைய வீடு?



நம் வளாகத்தில் ஏதாவது ஒரு பிளாட்டில் நிச்சயதார்த்தமோ, நோன்பு திறப்பு விருந்தோ நடந்தால் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். விசிட்டர் பார்க்கிங் நிரம்பி, வண்டிகள் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்து, மோட்டாரை இன்னொரு முறை போட வேண்டிவரும். லிஃப்டுக்குக் காத்திருப்போம். யாரும் முகம் சுளிப்பதில்லை. நாளைக்கு நம் வீட்டிலும் விசேஷம் வரும்.

இதையே கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை தினமும் விசேஷம். வருகிறவர்கள் யார் என்றே தெரியாது. மொய் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது. தண்ணீர் லாரிச் செலவு மட்டும் எல்லோருடைய மெயின்டெனன்ஸ் பில்லிலும் ஏறுகிறது. நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குடியிருப்பவர்கள் கேட்பது இதே கேள்வியைத்தான்.

நம் சங்கத்தின் கோடைச் சுற்றுலா எங்கே என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிவிட்டது. ஊட்டி என்கிறார்கள் பலர். பக்கத்தில் இருக்கும் ஏலகிரியே போதும் என்கிறார்கள் சிலர். முடிவு எடுக்கும் முன் இந்த மலைகளின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இந்தக் கட்டுரை.

200 ஆண்டுக் கதை

ஊட்டி சுற்றுலாவுக்காகப் பிறந்த ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று பல மக்கள் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் மலையேறினார். முதலில் கோத்தகிரியில் பங்களா கட்டினார். பிறகு 1822ல் உதகமண்டலத்தில் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கி 'ஸ்டோன்ஹவுஸ்' என்ற கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். அந்தக் கட்டடம் இப்போது அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நாம் படகு விடும் ஏரியும் அவர் காலத்தில், ஓடைகளை மறித்து உருவாக்கியதுதான்.

சமவெளி வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கும், நோயில் விழுந்த சிப்பாய்களுக்கும் உடம்பு தேற்றும் இடமாக ஊட்டி வளர்ந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு அங்கே இடம் மாறியது. 1896ல் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899ல் குன்னூர் வரையும், 1908ல் ஊட்டி வரையும் ஏறியது. 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த நாளில் கூட்டத்துக்குத் தானாகவே ஒரு வரம்பு இருந்தது. ரயிலில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் ஏற முடியும். மீதிப் பேர் அடுத்த நாள் வரவேண்டும். அல்லது வராமலே இருக்கவேண்டும். பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தக் குளிர் கிடைத்தது என்பது அநியாயம்தான். அதைச் சுதந்திரத்துக்குப் பிறகு பஸ் மாற்றியது, சினிமா மாற்றியது. எல்.எஃப்.சி.யில் குடும்பத்தோடு மலைக்குப் போகாத வங்கி ஊழியர் எங்கள் காலத்தில் குறைவு. சாதாரண மாதச் சம்பளக்காரனும் ஊட்டி பார்த்தான் என்பது நல்ல மாற்றம்.

அடுத்து வந்தது சொந்தக் கார். 1990களுக்குப் பிறகு கார் கடன் மனுக்கள் கிளையில் எப்படிக் குவிந்தன என்பதைக் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன் நான். கார் வந்தபின் இருக்கைக் கணக்கு போயிற்று. லீவு கிடைத்ததும் எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் கிளம்பலாம் என்றாகிவிட்டது. மலைப்பாதை மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கிறது.

பற்றும் வரவும்

சீசன் நாட்களில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருகின்றன என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தெரிவித்தது. சீசன் இல்லாத நாளில் அது சுமார் 2,000. அதாவது பத்து மடங்கு. 2011 கணக்கெடுப்பின்படி ஊட்டி நகரின் மக்கள்தொகை 90,000க்கும் குறைவு. அந்த அளவுக்குப் போட்ட தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ரோடும்தான் இத்தனை பேரையும் தாங்கவேண்டும். கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் ஏரியில் கலப்பது பல ஆண்டுப் பிரச்னை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் கட்டடம் கட்டினால் என்ன விலை கொடுக்க நேரும் என்ற பேச்சு அதன்பின் ஓயவில்லை.

பி.காம். படித்தவன் புத்தி கணக்குப் புத்தகத்தை விட்டு வெளியே போகாது. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. இங்கேயும் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு ஆள்களின் பேரேட்டில் எழுதப்படுகின்றன. லாட்ஜ்காரர், டாக்ஸி டிரைவர், வர்க்கிக் கடைக்காரர், குதிரைக்காரர் ஆகியோருக்கு வரவு. அது பொய்யல்ல, பல குடும்பங்கள் ஆண்டு முழுக்கச் சாப்பிடுவது அந்த மூன்று மாத வருமானத்தில்தான். நெரிசலில் மாட்டும் ஆம்புலன்ஸும் பள்ளி வேனும், தண்ணீர் வராத குழாயும், ஏறிப்போன வீட்டு வாடகையும் பற்று. சுற்றுலாவால் ஒரு பைசா வருமானம் இல்லாத வாத்தியாரும் தேயிலை பறிக்கும் பெண்ணும் அந்தப் பற்றில் பங்கு கட்டுகிறார்கள்.

சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. 1993ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. 2019 ஜனவரி 1ல் மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிளாஸ்டிக் ஒழிப்பில் இறங்கிவிட்டது. உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள்.

பிறகுதான் இ-பாஸ். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய சொல். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு மட்டும்தான். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசு பஸ்களுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு. மலை உண்மையில் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

உடனே எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 2ல் நீலகிரி வியாபாரிகள் இ-பாஸ் வேண்டாம் என்று கடையடைப்பு நடத்தினார்கள். பேரேட்டின் வரவுப் பக்கத்தில் இருப்பவர்களின் கவலை அது. அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஒரே ஊரில் ஒரு வீடு கூட்டம் வேண்டும் என்கிறது, பக்கத்து வீடு போதும் என்கிறது. ஒரே தளத்தில் எதிரெதிர் பிளாட் மாதிரி. அதனால்தான் இதற்குச் சுலபமான தீர்வு கிடைப்பதில்லை.

வெளிநாட்டில்

இத்தாலியின் வெனிஸ் நகரின் பழைய பகுதியில் 1951ல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022ல் அது 50,000க்கும் கீழே போனது. வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறி, குடியிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். பணம் கட்டினால் போதும், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கூட்டம் குறைய இது போதாது என்று அந்த ஊர்க்காரர்களே குறை சொல்கிறார்கள். ஸ்பெயினின் பார்சிலோனா, பயணிகளுக்கு வாடகைக்கு விட உரிமம் பெற்ற 10,101 பிளாட்டுகளின் உரிமத்தையும் 2028 நவம்பரோடு முடித்துக்கொள்வதாக 2024ல் அறிவித்தது. பிளாட்வாசிகளான நாம் கவனிக்கவேண்டிய செய்தி இது. பக்கத்து பிளாட்டில் வாரம் ஒரு புது முகம் என்றால் அங்கே சங்கம் ஏது, அண்டை வீடு ஏது?

நமக்குத் தெரிந்த பாடம்

இதெல்லாம் மலைக்காரர்கள் பிரச்னை, வாணியம்பாடிக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்குச் சோறு போடும் தொழில் ஒன்று, அதே ஊரின் தண்ணீரைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் யார்?

தோல் தொழிலால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வளர்ந்தன. நம் வளாகத்திலேயே அந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் வந்த தீர்ப்பு, தோல் ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருவதை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகச் சுற்றுச்சூழலையும் மக்கள் நலத்தையும் அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும், கெடுதல் வருமுன் காக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது நம் ஆற்றின் வழக்கு.

தொழில் வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பற்றையும் வரவையும் ஒரே பேரேட்டில் எழுது என்றது. ஊட்டியின் 10 ரூபாய் பாட்டிலும் வெனிஸின் 5 யூரோவும் அதே கொள்கையின் சின்னப் பிள்ளைகள். வித்தியாசம் ஒன்றுதான். பாலாற்றில் கெட்டது நம் தண்ணீர், கேள்வி கேட்டவர்கள் நம்மவர்கள். மலைக்குப் போகும்போது கெடுப்பவர் இடத்தில் நாம் நிற்கிறோம்.

ஏலகிரி

ஊட்டியாவது பெரிய மலை, நீதிமன்றத்தின் கண்ணில் பட்டுவிட்டது. நம் ஏலகிரி சின்னது. ஒரு காலத்தில் ஜமீன்தார் வசம் இருந்து, 1950களில் அரசிடம் வந்தது. 1960களில் மலைப்பாதை போட்டார்கள். பொன்னேரியிலிருந்து ஏறும் அந்தப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரி, ஓரி, பேகன் என்று பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே ஏறும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே சிற்றூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.

2025 உத்தரவின் வரம்பு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான். அங்கே இடம் கிடைக்காத வண்டி எங்கே திரும்பும் என்று யோசியுங்கள். சென்னை, பெங்களூரு இரண்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் மலை நம்முடையது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயர் வைத்த வளைவில் பிரியாணிப் பொட்டலத்தை வீசிவிட்டுப் போகிற கூட்டத்தில் நாம் ஒருவராக இருக்கக்கூடாது.

ஆகவே நம் சங்கச் சுற்றுலாவுக்கு என் யோசனைகள். மே மாதச் சனி, ஞாயிறு வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி லீவு மே மாதத்தில்தான் என்பது நியாயமான ஆட்சேபணை, அதனால் வார நாளில் போவோம். பன்னிரண்டு காரில் போகாமல் ஒரே பஸ்ஸில் போவோம். ஊட்டி என்றால் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுவோம். சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டும் தண்ணீருக்குக் கேனும் நம் பொதுக்கூடத்திலேயே இருக்கின்றன, எடுத்துப்போவோம். குப்பையை மூட்டை கட்டித் திருப்பிக் கொண்டுவருவோம். காய், பழம், தேன் வாங்குவதானால் அங்கே விளைவிப்பவர்களிடம் வாங்குவோம். ஏலகிரி என்றாலும் இதே விதி. அங்கே நம்மிடம் பாஸ் கேட்க யாரும் இல்லை என்பதால் விதியைத் தளர்த்தவேண்டாம்.

நம் கேட்டில் வரும் விசிட்டரிடம் பிளாட் நம்பர், வண்டி நம்பர், நேரம் எல்லாம் எழுதிவாங்கச் சொல்லி பொதுக்குழுவில் தீர்மானம் போட்டவர்கள் நாம். வீட்டுக்காரருக்கு அந்த உரிமை உண்டு என்று நம்புகிறோம். மலையில் இருப்பவர்களும் வீட்டுக்காரர்களே. அடுத்த பொதுக்குழுவில் சுற்றுலா பற்றிய பேச்சு வரும்போது, மறுப்பு இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கேட்டு, கலந்து பேசி முடிவு செய்யலாம்.