கெல்லி பார்ன்ஸ் அணை

கெல்லி பார்ன்ஸ் அணை என்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டோக்கோவா அருவிக்கு மேலே டோக்கோவா ஓடையின் குறுக்கே இருந்த தனியார் மண் அணை. சுமார் 12 மீட்டர் உயரமும் 120 மீட்டர் நீளமும் கொண்டது. அருவியின் அடிவாரத்தில் இருக்கும் டோக்கோவா அருவி விவிலியக் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்தது. 1977 நவம்பர் 6ஆம் தேதி பின்னிரவு ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு இந்த அணை உடைந்தது. தேங்கியிருந்த சுமார் 7,77,000 கன மீட்டர் நீர், 57 மீட்டர் உயர அருவியில் பாய்ந்து இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த கல்லூரிக் குடியிருப்பை அடித்துச் சென்றது. 39 பேர் இறந்தனர். பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் சிறிய தனியார் அணைகளின் பாதுகாப்பு பற்றி அமெரிக்காவில் எப்போது பேசினாலும் இந்த உடைப்பில்தான் பேச்சு தொடங்குகிறது. அதன் அளவைவிட அதன் வரலாறுதான் அதற்குக் காரணம்.

அந்த வரலாறு 1899இல் தொடங்குகிறது. சிறு மின்நிலையம் ஒன்றுக்கு நீர் தேக்குவதற்காக, மரச்சட்டங்களுக்குள் பாறைகளை அடுக்கி ஒரு தடுப்பு கட்டினார்கள். 1930களின் இறுதியில் கல்லூரி தன் மின்தேவைக்காக அந்தப் பழைய தடுப்பை உள்ளடக்கியே மண் கொட்டி ஓர் அணை எழுப்பியது. பிறகு அதை இன்னும் உயர்த்தினார்கள். 1957இல் மின்னுற்பத்தி நின்றது. அணை மட்டும் நின்றுகொண்டே இருந்தது. மீன் பிடிக்கவும் படகு விடவும் கரையில் உட்கார்ந்து பார்க்கவும் ஓர் ஏரி, அவ்வளவுதான். இந்த இருபது ஆண்டுகளில்தான் விபத்தின் வேர் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. வேலை செய்யும் அணைக்கு வருமானம் உண்டு, கணக்கு உண்டு, மதகைத் திறந்து மூட ஓர் ஆள் உண்டு. மின்னுற்பத்தி நின்ற நாளோடு அந்த ஆளும் போய்விடுகிறார். மிச்சமிருப்பவர்கள் ஏரியைப் பார்க்கிறார்களே தவிர, கரையைப் பார்ப்பதில்லை.

கரையைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை, உடைப்புக்குப் பிறகு அமைக்கப்பட்ட கூட்டரசு விசாரணைக் குழுவின் அறிக்கையிலிருந்து அறியலாம். மண் அணையின் வெளிச்சரிவு பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் விரிந்து படுத்திருக்கும். இங்கே பல இடங்களில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாக, நின்ற வாக்கில் இருந்தது. அதன்மேல் மரங்கள் வளர்ந்திருந்தன. மரம் கரையைப் பிடித்து நிறுத்தும் என்பது பரவலான நம்பிக்கை. வயல் வரப்புக்கு அது பொருந்தலாம், அணைக்குப் பொருந்தாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், மக்கிய வேர் விட்டுச்செல்லும் துளை நீருக்கு வழியாகும். கரையில் கசிவு இருப்பதே ஆபத்து அன்று. தெளிந்த நீராகக் கசியும் வரை பொறுத்திருக்கலாம். கசிவு கலங்கலாக மாறினால் அது உள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், வெளிச்சரிவின் ஒரு பகுதி ஏற்கனவே சரிந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. உடைப்புக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அணையின் வடிவமைப்பு வரைபடம் எதுவும் குழுவுக்குக் கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் குழுவால் சுட்ட முடியவில்லை. செங்குத்தான சரிவில் ஏற்பட்ட மண்சரிவும், உள்ளரிப்பும், நீரில் ஊறிய கரையும் சேர்ந்தே உடைப்பை உண்டாக்கியிருக்கும் என்று அது முடிவு செய்தது.

இது ஒரு கல்லூரியின் கவனக்குறைவு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. டோக்கோவாவுக்கு 88 ஆண்டுகளுக்கு முன்பே இதே கதை பென்சில்வேனியாவில் மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. சவுத் ஃபோர்க் அணையைக் கட்டியது மாநில அரசு, கால்வாய்ப் படகுப் போக்குவரத்துக்காக. 1853இல் வேலை முடிந்தபோது ரயில் வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலை போய்விட்டது. 1862இல் அணையின் ஒரு பகுதி உடைந்தது, சரிசெய்ய ஆளில்லை. 1875இல் அதை வாங்கியவர் அடிமட்டத்தில் இருந்த வெளியேற்றும் இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார். 1879இல் அணை ஒரு மீன்பிடி, வேட்டை மன்றத்தின் கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே ஃபிரிக் போன்ற பிட்ஸ்பர்க் செல்வர்கள் அதன் உறுப்பினர்கள். குதிரைவண்டிகள் போகும் அகலம் வேண்டும் என்று கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கின் வாயில் வலைக்கம்பிகளைப் பொருத்தினார்கள். உபரிநீர் வழிய விடும் வாயைத் தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் கலிங்கு என்கிறோம். கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த கேம்ப்ரியா இரும்பு நிறுவனம் 1880இல் தன் பொறியாளரை அனுப்பிப் பார்த்தது. நீரை இறக்க வெளியேற்றுக் குழாய் இல்லை, பழுதுபார்த்த முறையும் உறுதியானதன்று என்று அவர் எழுதினார். ஆபத்து எதுவுமில்லை என்றே மன்றம் பதில் சொன்னது. 1889 மே 31 அன்று பெருமழையில் கரைக்கு மேல் நீர் வழிந்து அணை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் வெள்ளம் 23 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுனை அடைந்தது. இறந்தோர் 2,209 பேர் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு.

இந்த இரு உடைப்புகளுக்கும் முதலில் சொல்லப்படும் சமாதானம் மழை. ஜான்ஸ்டவுன் வழக்குகளில் நீதிமன்றங்கள் இதை இறைவன் செயல் என்று கொண்டன. மன்றம் யாருக்கும் இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் குழுவும், முதலில் கட்டிய அளவிலேயே இருந்திருந்தாலும் அணை அந்த மழைக்குத் தாங்கியிருக்காது என்று எழுதியது. அந்தக் கருத்து நூறாண்டுக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது. 2016இல் வெளியான நீரியல் ஆய்வு ஒன்று அதை மறுத்தது. கரையைத் தாழ்த்தியதால் கலிங்கு வெளியேற்றக்கூடிய நீரின் அளவு வெகுவாகக் குறைந்தது, பழைய உயரமும் பழைய வெளியேற்றமும் இருந்திருந்தால் அன்றைய வெள்ளம் அணையைத் தாண்டியிருக்காது என்று அது கணக்கிட்டுக் காட்டியது. மழையை யாரும் தடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கலிங்கு என்பதே பெருமழைக்காகத்தான் இருக்கிறது. எதற்காக ஓர் உறுப்பைக் கட்டினோமோ, அது வந்தபோது அந்த உறுப்பு தவறியதை விதி என்று சொல்வது பொருந்தாது.

உடைமையாளரின் அக்கறையை நம்பலாமே, தன் சொத்தை யார்தான் கெடவிடுவார் என்பது இன்னொரு வாதம். இதற்குச் சவுத் ஃபோர்க்கைவிட டோக்கோவாதான் உறுதியான பதில். பிட்ஸ்பர்க் செல்வர்கள் கீழே வாழவில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடலாம். டோக்கோவாவில் அணையின் சொந்தக்காரர்களே அணைக்குக் கீழே குடியிருந்தார்கள். மாணவர்களும் ஊழியர் குடும்பங்களும் குழந்தைகளும் அங்கேதான் உறங்கினார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். இல்லாதது அக்கறை அன்று, அறிவு. மண் கரையில் எது ஆபத்தின் அறிகுறி, எது இயல்பு என்று பிரித்தறிய பயிற்சி வேண்டும். கல்லூரி நடத்துபவருக்கும் தோட்டவீடு வைத்திருப்பவருக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வரும் ஒரு பொறியாளரின் கண் கட்டாயம் என்கிறோம்.

அந்தக் கண்ணைச் சட்டம் ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்தது. 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்த ஆண்டிலேயே தேசிய அணை ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. ஆனால் ஆய்வு நடத்தப் பணம் ஒதுக்கப்படவில்லை. டோக்கோவாவுக்குப் பிறகு, தானும் ஜார்ஜியாக்காரரான அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆய்வுக்கு உத்தரவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இராணுவப் பொறியாளர் படை 8,000க்கும் மேற்பட்ட அணைகளைப் பார்த்தது. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரும் இடங்களில் இருந்தவை அவை. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று கண்டது. ஜார்ஜியா 1978இல் தன் சொந்த அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டத்தின் நல்ல அம்சம், அணை எவ்வளவு பெரியது என்பதோடு நிற்காமல் கீழே யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பதுதான். காட்டு நடுவே கட்டிய குளத்துக்குக் கீழே நாளை வீடு வரும். அணையில் ஒரு கல்லும் மாறாமலே அதன் ஆபத்து வகை மாறிவிடும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணவும் இடமில்லை. ஹவாயின் கவாயி தீவில் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டிய கா லோகோ அணை, பின்னர் தனியார் நிலத்தின் ஒரு பகுதியானது. 2006 மார்ச் 14 அன்று அது உடைந்து ஏழு பேர் இறந்தனர். கலிங்கு மண்ணால் நிரப்பப்பட்டிருக்கலாம் என்று விசாரணை கூறியது. ஹவாயில் அணைப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் அந்த அணையை மாநிலம் ஒருமுறைகூட ஆய்வு செய்திருக்கவில்லை.

செலவு பற்றிய எதிர்ப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வருமானம் தராத ஏரிக்காகக் கலிங்கை அகலப்படுத்தச் சொன்னால் சிறு உடைமையாளரால் முடியாமல் போகலாம். ஆனால் அவருக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. நீர்மட்டத்தை நிரந்தரமாக இரண்டு மீட்டர் இறக்கிவைப்பது பெருஞ்செலவு வைக்காது. கரையில் திட்டமிட்டு ஒரு வாய் வெட்டி அணையை ஓய்வுபெற வைக்கலாம். இரண்டிலும் இழப்பது ஏரியின் அழகை. அந்த இழப்பு மனதுக்கு வலிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிறைந்த ஏரியைப் போல் கண்ணுக்கு இதமானது குறைவு. இருந்தாலும், பராமரிக்கப் பணமில்லை என்று சொல்லிக்கொண்டே நீரை முழுக்கத் தேக்கிவைப்பவர், அந்தச் செலவைக் கீழே இருப்பவர்களின் தலையில் ஏற்றுகிறார். இது ஓரிருவரின் சிக்கலும் அன்று: அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் உள்ள 90,000க்கும் மேற்பட்ட அணைகளில் பாதிக்கு மேல் தனியாருடையவை.

கெல்லி பார்ன்ஸ் அணை மீண்டும் கட்டப்படவில்லை.